டோக்கன் எண் நாற்பத்தாறின் இடது பாதம்

தில்லி ஆர்.கே.புரத்தில் அந்த டிசம்பரில் இரண்டு சங்கதிகள் மக்களின் கண்ணை மறைத்தன. ஒன்று பனிமூட்டம். அது பத்து மணி வெயிலுக்குக் கலைந்துவிடும். மற்றொன்று ஸ்ரீ பாதானந்தர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே கம்யூனிட்டி ஹால் வாசலில் வரிசை தொடங்கி, பால் பூத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்விடும். குல்லாய், மஃப்ளர், சால்வை, இவற்றுக்குள் எங்கோ ஒரு மனிதர் என்று நூற்றுக்கணக்கான மூட்டைகள் நொண்டி நொண்டி நகரும். பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு சர்தார்ஜி, வரிசை எதுவென்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். போகும்போது அவருக்கு எந்த வலியும் இல்லை. வெளியே வரும்போது ஒரு ஜோடி மரப்பாதுகையோடும் இரண்டு முழங்காலிலும் வாதத்தோடும் வந்தார்.

பாதானந்தரின் பெருமை என்னவென்றால், அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். மேடையில் ஒரு வெள்ளைத் திரை தொங்கும். அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாற்காலியில் நீங்கள். திரைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி. அதன் வழியே வலிக்கிற காலை மட்டும் நீட்ட வேண்டும். சுவாமி அதைத் தொடக்கூட மாட்டார். அடுத்தவர் கர்மம் விரல் வழியாக ஏறிவிடுமாம். ஒரு தூரிகையால் பாதத்தில் வெள்ளை வெளேரென்று 'பாத பஸ்மம்' பூசுவார். பிறகு பாதத்தை மஞ்சள் தீர்த்தம் நிறைந்த பித்தளைத் தாம்பாளத்தில் வைக்கச் சொல்வார். இரண்டு முறை கண் சிமிட்டுவதற்குள் மஞ்சள் தண்ணீர் செக்கச் சிவந்துவிடும்.

"வாத ரத்தம் இறங்குகிறது!" என்று மைக்கில் குரல் வரும்.

தாம்பாளத்துக்கு மேலே ஒரு காமிரா. ஹாலில் பெரிய டி.வி. கிரிக்கெட் பார்ப்பது போல ஜனங்கள் அடுத்தவர் பாதத்தைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள்.

ராஜமும் சிலிர்த்தவர்களில் ஒருத்திதான். ஐம்பத்தேழு வயது. ஓர் அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அதிகாரி. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவளுடைய இடது முழங்காலுக்கு அந்தப் படிகள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அறிமுகம்.

முதல் முறை போனபோது, சேவகர் ஜெயகிருஷ்ணன் அவளிடம் ஒரு படிவம் கொடுத்தார். இரண்டு பக்கம், பதினெட்டுக் கேள்விகள். எந்தக் கால், எத்தனை வருடம், எத்தனையாவது மாடி, யார் மேல் மனவருத்தம். மத்திய அரசு ஊழியரிடம் ஒரு படிவத்தை நீட்டினால் அவர் பேனாவைத் தேடுவாரே தவிர, காரணத்தைத் தேட மாட்டார். ராஜம் நீல மையில் தெளிவாக நிரப்பினாள். பதினேழாவது கேள்விக்கு, அதாவது மனவருத்தத்துக்கு, இடம் போதவில்லை. தனித்தாள் வைத்து எழுதி, 'இணைப்பு: ஒன்று' என்று குறிப்பிட்டுக் கையெழுத்தும் போட்டாள். ஜெயகிருஷ்ணன் அதில் டோக்கன் எண்ணைக் குறித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

கால் மணி நேரம் கழித்து அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இடது முழங்கால்... ஒன்பது ஆண்டுகள்... உயரத்தில் வசிக்கும் பாதம் இது... நாத்தனார் ஒருத்தியால் நெஞ்சில் ஒரு முள்..."

ராஜம் அழுதே விட்டாள். "நான் வாயையே திறக்கலையே! எப்படிச் சொன்னார்!"

வாயைத் திறக்கவில்லைதான். பேனாவை மட்டுமே திறந்திருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு மூன்று வாரம் முன்புதான் அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் குணமாகத் தொடங்கியிருந்தது. டிஸ்பென்சரியில் பிசியோதெரபிஸ்ட் கவிப்ரியா, இருபத்தெட்டு வயதுப் பெண், முழங்காலைப் பார்த்துவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, உங்க பாதம் சீட்ல உக்காந்து தூங்கறது. அதோட வேலையையும் சேர்த்து முழங்கால் ஓவர்டைம் பாக்கறது. வலிக்காம என்ன பண்ணும்?"

பாதத்தின் வளைவு சரிந்தால் கால் உள்பக்கம் திரும்பும், அந்தப் பாரம் முழங்காலில் விழும் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். மருந்துச் சீட்டில் மருந்தே இல்லை. தரையில் துண்டை விரித்துக் கால்விரல்களால் சுருட்ட வேண்டும். கோலிக்குண்டுகளை விரலால் கவ்வி எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் எண்ணிப் பத்து வரை நிற்க வேண்டும். தினமும். மாதக் கணக்கில்.

ராஜம் செய்தாள். மூன்றாவது வாரம் இரண்டாவது மாடி வரை நிற்காமல் ஏறினாள். படித் திருப்பத்தில் நின்று, ஏதோ மலையுச்சியிலிருந்து புதுத் தேசத்தைக் கண்டவள் மாதிரி, காலனியின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் துண்டு சுருட்டுவதில் என்ன மகிமை இருக்கிறது? அதில் நேரலை இல்லை. சிவப்பு இல்லை. யாரும் "ஆஹா" என்பதில்லை. பாதானந்தரோ, "பாதத்தில் பாரம் கூடாது. பயிற்சி வாதத்தைக் கலக்கிவிடும். நிறுத்து" என்று உத்தரவிட்டார். ராஜம் துண்டை மடித்து வைத்தாள். கோலிகளை உறையில் போட்டுக் கட்டினாள். நான்கு ஞாயிறுகள் பாதத்தில் பஸ்மம் வாங்கினாள். பாதம் எரிந்தது, தோல் உரிந்தது. "எரிச்சல்தான் வாதம் வெளியேறும் வழி" என்றார் சுவாமி. முழங்கால் பழையபடி கத்தத் தொடங்கியது. ஒரு நாள் மெட்ரோ படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பத்து நிமிடம் நகர முடியாமல் நின்றாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கடிதத்தை டைப் செய்தாள். விருப்ப ஓய்வு விண்ணப்பம். பணியில் இன்னும் மூன்று வருடம் இருந்தது. எந்தக் கோப்பு எங்கே என்று கம்ப்யூட்டருக்கே தெரியாதபோது அவர்கள் பிரிவில் ராஜத்தைத்தான் கேட்பார்கள். அந்த நாற்காலியும் ஜன்னலும் நாலு மணி டீயும் அவளுக்கு வேலை அல்ல, பாதி உயிர். ஆனாலும் டைப் செய்தாள். தேதி மட்டும் காலியாக விட்டாள். சுவாமி நாள் குறித்துக் கொடுத்தால் திங்கட்கிழமையே கொடுத்துவிடுவது என்று முடிவு.

அந்த ஞாயிறு கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கியபோது, தரைத்தளத்தில் சுபேதார் பாலசுப்ரமணியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் காலோடு. கால்விரலில் ஒரு கோலிக்குண்டு.

தாராபுரத்துக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, மகள் அகல்யாவின் குவார்ட்டர்ஸில் இருந்தார். பதினாறு வருடம் முன்பு எல்லையில் ஒரு கண்ணிவெடி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்குப் பதில் ஒரு ரப்பர் கால். விரல், நகம் எல்லாம் வைத்த நல்ல கால். காலனியில் அது எல்லோருக்கும் தெரியும். குளிர்கால மத்தியானங்களில் அதைக் கழற்றி, பக்கத்து வீட்டு வடகத்தோடு கட்டிலில் வெயிலுக்கு வைப்பார்.

"ஏனுங்க ராஜம்மா, எறங்க இத்தன நேரமா? போன மாசம் தடதடன்னு வந்தீங்களே?"

"வாதம் இறங்கறது சார். இறங்கறச்சே வலிக்கத்தான் வலிக்கும்னு சாமி சொல்லியிருக்கார்."

"ஏறறப்ப வலிச்சா வாதம் ஏறுது. எறங்கறப்ப வலிச்சா வாதம் எறங்குது. வலிக்காம இருக்கறதுக்கு அவருகிட்ட ஒண்ணுமே இல்லீங்களா?"

"கிண்டல் பண்ணாதேங்கோ. என் நாத்தனார் சமாசாரம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அதைச் சொல்லுங்கோ பார்ப்போம்."

"நீங்க ஆருகிட்டயும் சொல்லலீங்களா?"

"ஒரு ஈ காக்காகிட்ட சொல்லலை. ஃபார்ம்ல எழுதினதோட சரி."

சுபேதாரின் விரலிலிருந்து கோலி நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது.

"அச்சா" என்றார்.

தில்லியில் பல வருடம் இருந்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கையையே அடக்கிவிடுவார்கள்.

"பையில என்னங்க, இப்பிடி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க?"

ராஜம் சொன்னாள். சுபேதார் சிரிக்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த காலை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார்.

"இருங்க, நானும் வர்றேன். எனக்கும் காலுல ஒரு கோளாறு இருக்குதில்ல?"

ஹாலில் ஜெயகிருஷ்ணன் அவர் கையிலும் படிவத்தைக் கொடுத்தார். இடது கால். பதினாறு வருடம். ராத்திரியில் குத்தல். சுபேதார் ஒவ்வொன்றாக எழுதினார். மனவருத்தம் என்ற இடத்தில் 'அருக்காணி' என்று போட்டார்.

எட்டிப் பார்த்த ராஜம் கேட்டாள். "அருக்காணி யாரு?"

"அப்பறஞ் சொல்றனுங்க."

அவருக்கு டோக்கன் நாற்பத்தாறு. அவளுக்கு நாற்பத்தேழு.

வாசலில் சாக்ஸுகள் மலையாகக் குவிந்திருந்தன. உள்ளே நூற்றுக்கணக்கான வெறும் பாதங்கள், குளிர்ந்த மொசைக் தரையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் அனந்தலக்ஷ்மி மாமி. காலனியில் எந்தக் கல்யாணம், சீமந்தம் என்றாலும் ஆரத்தி கரைப்பது மாமிதான். சுவாமியிடம் ஐந்து முறை சிவந்தவள்.

"நாற்பத்தாறு! ஜல்தி, ஜல்தி!" என்றார் ஜெயகிருஷ்ணன்.

சுபேதார் மேடையேறி நாற்காலியில் அமர்ந்து, பேண்ட்டைக் கணுக்கால் வரை சுருட்டி, இடது காலைத் திரைக்கு அடியில் நீட்டினார். டி.வி.யில் அந்தக் கால் பெரிதாகத் தெரிந்தது. ஹாலில் யாரோ ஒருவர் 'க்ளுக்' என்றார். காலனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம், முக்காலமும் தெரிந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

தூரிகை வந்தது. பஸ்மம் பூசியது. பாதம் தீர்த்தத்துக்குள் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. நல்ல சிவப்பு. அன்றைய காலையிலேயே சிறந்த சிவப்பு.

"ஆ! எத்தனை வாத ரத்தம்!" என்றது மைக். "இந்தப் பாதம் என்னோடு பேசுகிறது. பதினாறு ஆண்டு வேதனை. ராத்திரியில் குத்தல். நரம்புகள் துடிப்பதை நான் பார்க்கிறேன்."

"துடிக்குதுங்களா சாமி?"

"துடிக்கிறது."

"ரத்த ஓட்டம் எப்பிடீங்க?"

"மந்தம். ஆனால் ஓடுகிறது."

முன் வரிசையில் ஒருவர் மஃப்ளரை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"இதற்கெல்லாம் காரணம்..." குரல் தாழ்ந்தது. "ஒரு பெண்ணின் சாபம். அவள் பெயர் அருக்காணி. நீ அவளைக் கைவிட்டாய். அவள் உன்னை நினைத்துக் கண்ணீர் விடுகிறாள்."

"அய்யோ சாமி! அது எங்கய்யன் பெருந்துறைச் சந்தையில வித்த எருமைங்க!"

ஹால் அதிர்ந்தது. சுவாமி கொஞ்சம் இருமினார்.

"வாயில்லா ஜீவனின் சாபம் இன்னும் கொடியது. கவலைப்படாதே. நாற்பத்தெட்டு நாளில் இந்தப் பாதம் குழந்தையின் பாதம் போல் ஆகும்."

"அப்பிடீங்களா! அப்ப இது இங்கேயே இருக்கட்டுமுங்க. நாப்பத்தெட்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கறேன்."

சுபேதார் பேண்ட்டை இன்னும் மேலே ஏற்றி வாரை அவிழ்த்தார். காலைக் கழற்றித் திரைக்கு அடியில் முழுசாகத் தள்ளிவிட்டார். பிறகு எழுந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல், மேடை நடுவில் வலது காலில் நேராக நின்றார்.

டி.வி.யில் ஒரு கால் மட்டும் தாம்பாளத்தில் தனியாகச் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு தூரிகை விழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத ஒரு அலறல் கேட்டது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாதானந்தர் இந்தத் தொழிலில் நேற்று வந்தவர் அல்ல.

"மூடர்களே! சிரிக்கிறீர்களா?" மைக் கர்ஜித்தது. "வெட்டுண்ட காலின் வேதனை எங்கே போகும்? அது ரப்பருக்குள் குடியேறியிருக்கிறது! உயிரில்லாத காலிலிருந்தும் வாதத்தை இறக்கிவிட்டேன். இதுவன்றோ அற்புதம்!"

பிறகு, நம்புங்கள், ஹாலில் தலைகள் ஆடத் தொடங்கின.

"அதானே, எங்கயாவது போகணுமே வலி!"

"ரப்பர்லேர்ந்தே வரவழைச்சுட்டாரே!" என்று அனந்தலக்ஷ்மி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜத்தின் தலையும் ஆடப் பார்த்தது. அவளுக்கும் அந்த விளக்கம் வேண்டியிருந்தது. சுவாமி பொய் என்றால் நான்கு ஞாயிறுகள் பொய், உரிந்த தோல் பொய், கைப்பையில் இருக்கும் கடிதம் பொய். ஆனால் எருமைதான் அவளை விடவில்லை. காலின் ஆவி ரப்பருக்குள் போகலாம். பெருந்துறைச் சந்தையில் விற்ற எருமையின் பெயர் சுவாமியின் வாய்க்கு எப்படிப் போயிற்று?

முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைத் தேடிய மூளை அது. ஒரு தகவல் ஒரு மேசையில் இருந்தால், அது எந்த மேசையிலிருந்து வந்தது என்று அவளுக்குக் கேட்கத் தெரியும். படிவம். பதினேழாவது கேள்வி. ஜெயகிருஷ்ணன். திரை. தன்னுடைய நாத்தனாரும் அதே வழியில்தான் போயிருக்கிறாள். இணைப்பு ஒன்றோடு, கையெழுத்தோடு.

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. அலுவலகத்தில் ஒரு புது எழுத்தர் இப்படி ஏமாந்திருந்தால் அவனை ஒரு வாரம் கேலி செய்திருப்பாள்.

"நாற்பத்தேழு" என்று அவளே கூப்பிட்டுக்கொண்டு மேடையேறினாள். "சாமி, எனக்குத் தீர்த்தம் புதுசா வேணும். பஸ்மம் வேண்டாம்."

"பஸ்மம் இல்லாமல் வாதம் இறங்காது, தாயே."

"ரப்பர்லேர்ந்தே இறக்கினவர் இல்லையா நீங்க? எனக்கு எலும்பும் சதையுமா அசல் கால். அதுவா இறங்கட்டுமே."

"சரியாத்தானே கேக்கறாங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "தண்ணி மாத்துங்க அண்ணா!"

ஜெயகிருஷ்ணன் வேறு வழியில்லாமல், ரப்பர் கால் கிடந்த தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்று வைத்தார். ராஜம் பாதத்தைப் பாட்டில் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு தீர்த்தத்தில் வைத்தாள். எல்லோரும் டி.வி.யைப் பார்த்தார்கள். மஞ்சள். அரை நிமிடம். மஞ்சள். இரண்டு நிமிடம். காலை மாலை சாம்பாருக்குப் போடும் அதே மஞ்சள்.

"சாமி, அப்போ எனக்கு வாதமே இல்லை?"

மைக்கில் இருமல் மட்டும் வந்தது.

"இல்லேன்னா என் முழங்கால் ஏன் வலிக்கறது? இருக்குன்னா தண்ணி ஏன் சிவக்கலை? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ."

அப்போதுதான் அனந்தலக்ஷ்மி மாமி எழுந்தாள். மஞ்சள் தண்ணீரை அவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் கை தன்னால் துறுதுறுத்தது. மேடையேறி, திரையை ஒதுக்கி, காலி ஆசனத்தின் அருகிலிருந்த பஸ்மக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். ராஜத்தின் தாம்பாளத்தில் போட்டு விரலால் கலக்கினாள். சிவந்தது.

"அட கடன்காரா! சுண்ணாம்பு!" மாமியின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "இது ஆரத்திடீ ராஜம்! நாற்பது வருஷமா நான் கரைக்கற ஆரத்தி! பான் கடைச் சுண்ணாம்பைக் காலில பூசி, என்னையே உக்கார வெச்சுக் காமிச்சிருக்கானே!"

ஹாலில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பமும் கல்யாணத்தில், பிள்ளைப்பேற்றில், புதுவீட்டு வாசலில் அந்தச் சிவப்பைப் பார்த்ததுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று அவர்கள் வீட்டு ஏழு வயதுப் பெண்ணுக்கும் தெரியும். தட்டில் சிவந்தால் ஆரத்தி. காலுக்குக் கீழே சிவந்தால் அற்புதம். தெரிந்த விஷயத்தை வாசலில் சாக்ஸோடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"எங்கே அந்த மனுஷன்?" என்று யாரோ கத்தினார்கள்.

சுவாமி சமையலறைக் கதவு வழியாகப் போய்விட்டிருந்தார். ஹால் சுவரைத் தாண்டி, பார்க் வேலியைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஓடும் ஆட்டோவில் தாவி ஏறியதைப் பால் பூத்காரர் பார்த்திருக்கிறார். அவருக்கு மூட்டு வலி கிடையாது என்பது மட்டும் ஐயமறத் தெளிந்தது. ஜெயகிருஷ்ணனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் காலடியில் கட்டுக் கட்டாகப் படிவங்கள். எல்லாம் தெளிவான கையெழுத்தில், இணைப்புகளோடு.

இத்தனை அமளியிலும் சுபேதார் ஒற்றைக் காலிலேயே நின்றிருந்தார். ஆடவில்லை, அசையவில்லை.

"எப்படி சார் இப்படி நிக்கறேள்?" என்று கேட்ட மாமி, தானும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, மூன்று எண்ணுவதற்குள் ராஜத்தின் தோளில் சாய்ந்தாள்.

"எனக்கு இருக்கறதே ஒண்ணுதானுங்க மாமி. அதையும் சாமிகிட்டக் குடுத்துட்டா நான் எதுல நிக்கறது? தெனமும் அந்தக் கோலிதான், அந்தத் துண்டுதான். ராஜம்மாவுக்கு அந்த டாக்டரம்மா சொன்னதேதான்." அவர் ஓரத்துத் தாம்பாளத்தைக் காட்டினார். "அந்தக் காலை எடுத்துக் குடுங்க. சுண்ணாம்புல வெந்துரப் போகுது."

வெளியே வந்தவர்களில் பலர் வெட்கப்பட்டார்கள். சிலர் தங்கள் சாக்ஸைத் தேடினார்கள். இரண்டு பேர் மட்டும் ஜெயகிருஷ்ணனிடம் போய், "பாதுகையாவது நிஜமா பலன் தருமா?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். இவர்களுக்கு உதவுகிற பயிற்சி எந்த டிஸ்பென்சரியிலும் கிடையாது.

ராஜம் மூன்று மாடியும் ஏறினாள். நான்கு இடத்தில் நின்றாள். வலித்தது. ஒரு நாளில் போகப் போவதில்லை என்பதும் தெரிந்தது. கவிப்ரியா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அற்புதம் செய்பவர்கள்தான் நாள் கணக்குச் சொல்வார்கள்.

வீட்டில் துண்டு தோய்த்துக் காயப் போட்டிருந்தது. பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, தேதியில்லாத அந்தக் கடிதத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். இடது பாதத்தை அதன் மேல் வைத்தாள். ஐந்து விரலையும் மடக்கி, 'மதிப்பிற்குரிய ஐயா'வை முதலில் இழுத்தாள். பிறகு 'உடல்நலக் குறைவின் காரணமாக' என்பதை. காகிதம் மடங்கி மடங்கிப் பாதத்துக்கு அடியில் சுருண்டது. முழுதாகப் பந்தானதும் கட்டைவிரலாலும் அடுத்த விரலாலும் கவ்விக் குப்பைக் கூடையில் போட்டாள். இரண்டு முறை தவறிற்று. மூன்றாவது முறை விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதே ஹால் சுவரில் வேறொரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. நாக்கைப் பார்த்து நாள் சொல்கிறவராம். படிவம் உண்டு. முன்பதிவு நடக்கிறது.

ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்புகள். அவற்றை வலுப்படுத்த ஒரு பழைய துண்டு போதும். அங்கிருந்து ஐந்தடி மேலே ஒன்று இருக்கிறதே, குளிருக்குக் குல்லாய் மாட்டுகிறீர்களே, அதற்கும் தினம் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள். அதை யாருக்காகவும் வாசலில் கழற்றி வைக்க வேண்டாம்.